வாவிக்கரைப் பாதைக்குப் பட்டியலில் ஒரு வரி

மட்டக்களப்பு வாவியின் கிழக்கே எழுவான்கரையிலும் மேற்கே படுவான்கரையிலும் உள்ள பிரதேச சபைகளின் தவிசாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். என்னோடு சேர்ந்து இந்த மடலில் கையெழுத்திடும் நண்பரின் சார்பில் அஸ்ஸலாமு அலைக்கும்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நாற்பது வருடமாக நான் சைக்கிளில் போய்வந்த வாவிக்கரைப் பாதையின் குறுக்கே ஒரு முட்கம்பி வேலி நின்றது. புதுக் கொங்கிரீட் தூண்கள். அடியில் சீமெந்து இன்னும் ஈரமாக இருந்தது. வேலி தரையோடு நிற்காமல் தண்ணீருக்குள்ளும் இரண்டு பாகம் தூரத்துக்கு இறங்கியிருந்தது. மாடு கூடச் சுற்றிப் போக வழியில்லை.

மறுநாள் விசாரிக்க ஓர் அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. வேறு எங்கே போயிருந்தாலும் இதே பதில்தான் வந்திருக்கும். மேசைக்கு அப்பால் இருந்த இளைஞர் மரியாதையானவர். உட்காரச் சொன்னார், பதிவேட்டைப் புரட்டினார், கணினியிலும் தேடினார். “சேர், அப்படி ஒரு பாதை எங்கள் பட்டியலில் இல்லையே” என்றார். நேற்றும் அதில்தான் போனேன் என்றேன். “போயிருப்பீர்கள் சேர். ஆனால் இல்லை” என்றார். முப்பத்தொரு வருடம் பிள்ளைகளுக்குப் புவியியல் படிப்பித்தவன் நான். இல்லாத பாதை ஒன்றில் பாதி ஆயுள் போய்வந்திருக்கிறேன் என்பது அன்றுதான் தெரிந்தது.

அந்தப் பட்டியலில் ஒரு வரி சேர்க்கும்படி கேட்கவே இந்த மடல்.

எங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் கல்லடிக்காரன். நண்பர் காத்தான்குடி, தபால் திணைக்களத்தின் சிவப்புச் சைக்கிளில் வீடு வீடாகக் கடிதம் கொடுத்து ஓய்வுபெற்றவர். நான் அவரை நானா என்பேன், அவர் என்னை மாஸ்டர் என்பார். இருவர் வயதையும் கூட்டினால் நூற்று முப்பதைத் தாண்டும். போட்டிக்கு ஓடுகிறவர்கள் அல்ல நாங்கள். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு உழக்குகிறவரோடு வேகமாகப் போகவும் முடியாது. கரியரில் பிட்டுப் பொதி, பையில் பம்பும் ஒட்டுப்போடும் சாமானும், ஆளுக்கொரு போத்தல் தண்ணீர். அவ்வளவுதான் எங்கள் பயண ஏற்பாடு.

ஞாயிறு காலை 5.30க்குக் கல்லடிப் பழைய பாலத்தில் சந்திப்போம். 1924இல் திறந்து, அன்றைய ஆளுநர் மனிங்கின் மனைவியின் பெயரைச் சூட்டிய இரும்புப் பாலம் அது. பஸ்ஸும் லொறியும் ஒரு பக்கம் காத்து நிற்க மறு பக்கத்தை விடுகிற அந்த ஒடுங்கிய வழியில் எண்பத்தொன்பது வருடம் ஊர் பொறுமை பழகியது. 2013இல் பக்கத்தில் புதிய பாலம் வந்ததும் பெரிய வாகனங்கள் அங்கே மாறிவிட்டன. பழையது நடப்பவர்களுக்கும் தூண்டில் போடுகிறவர்களுக்கும் எங்களைப் போன்றவர்களுக்கும் வாய்த்தது. பாடும் மீனைக் கேட்க விரும்புகிறவர்கள் முழுநிலா இரவில் இந்தப் பாலத்தடிக்குத்தான் தோணியில் வருவார்கள். துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் விட்டு மறு நுனியைக் காதில் வைத்துக் கேட்க வேண்டும். நான் இரண்டு முறை கேட்டிருக்கிறேன். நானா ஒரு முறையும் கேட்டதில்லை. ஆகவே என்னை நம்புவதுமில்லை.

அங்கிருந்து தெற்கே மண்முனைவரை வேறு வழியில்லை, பிரதான வீதிதான். கொழும்பில் தொடங்கி இரத்தினபுரி, வெல்லவாய, பொத்துவில், கல்முனை என்று சுற்றிவந்து மட்டக்களப்பில் முடிகிற ஏ4 வீதி. காத்தான்குடியில் வீதி நடுவே நிற்கும் பேரீச்ச மரங்களைப் பார்த்துக்கொண்டு ஒரு பிளேன்டீ குடிப்போம். அது ஒன்றுதான் இந்தத் துண்டில் கிடைக்கும் இன்பம். மற்ற நேரமெல்லாம் பின்னால் வரும் பஸ்ஸின் ஹோர்னுக்குக் காது கொடுத்துக்கொண்டே போகவேண்டும். காபெட் போட்ட வீதி அழகுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் காபெட்டின் விளிம்பு பல இடங்களில் பக்கத்து மணலிலிருந்து நான்கு விரற்கடை உயரத்தில் நிற்கிறது. ஒதுங்கச் சொல்லி ஹோர்ன் அடித்தால் சைக்கிள்காரன் அந்த விளிம்பிலிருந்துதான் இறங்கவேண்டும். இறங்கினால் முன்சில்லு மணலில் மடங்கும். வீதிக்குத் திட்டம் வரைந்தவர்களில் ஒருவராவது அதில் ஒரு நாள் சைக்கிள் உழக்கியிருந்தால் இதை ஒரு சவள் கிரவலால் தீர்த்திருப்பார்.

மண்முனைப் பாலத்தில் ஏறியதும் காற்றின் மணம் மாறும். 2014இல் இந்தப் பாலம் திறக்குமுன் இங்கே இருந்தது பாதை. வெளியூர் வாசகர்களுக்காக ஒரு விளக்கம்: எங்கள் ஊரில் பாதை என்றால் தரையில் கிடப்பது மட்டுமல்ல, தண்ணீரில் போவதும் பாதைதான். ஆளையும் சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் ஆட்டையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் தட்டையான தெப்பப் படகுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் அது. “பாதை போய்விட்டது, அடுத்த பாதைக்கு நில்லுங்கள்” என்று துறையில் சொல்வதைக் கேட்டு வெளியூர் ஆசிரியர் ஒருவர் விழித்தது நினைவிருக்கிறது. வாவி என்று எழுதுகிறோம். வாயால் சொல்லும்போது ஆறு என்கிறோம், ஆற்றங்கரை என்கிறோம். 50 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு, ஊர்களுக்கிடையே வளைந்து வளைந்து கிடக்கும் நீரை வேறு என்ன சொல்வது?

எனது முதல் நியமனம் படுவான்கரையில் ஒரு பாடசாலை. தினமும் மண்முனைத் துறையில் பாதை ஏறுவேன். யுத்த காலம். சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு, அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு, கரியரில் கட்டிய பையை அவிழ்த்துக் காட்டிக்கொண்டு கடந்த காலம். டோர்ச்சுக்கு இரண்டு பற்றரி கொண்டு போனாலும் கேள்வி வரும். துறை பலநாள் மூடியிருந்திருக்கிறது. ஆனால் மூடியது எப்போதோ ஒரு நாள் திறந்தது. முட்கம்பி வேலி அப்படித் திறக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

பாலத்துக்கு அப்பால் மகிழடித்தீவு, கொக்கட்டிச்சோலை, முதலைக்குடா, அரசடித்தீவு, அம்பிளாந்துறை. எதிர்க்கரையில் நாவற்குடா, தாளங்குடா. பெயர்களை ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். குடா, தீவு, துறை, முனை என்று முடிகிறவை. மகிழும் அரசும் நாவலும் தாளையும் தொடக்கத்தில் நிற்கின்றன. ஊருக்குப் பெயர் வைத்தவர்கள் தண்ணீரோரம் நடந்துகொண்டே வைத்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. முதலைக்குடாவுக்கு அந்தப் பெயர் வீணாக வரவில்லை என்பதையும் சொல்லவேண்டும். கால் கழுவ இறங்குமுன் நானா ஒரு கல்லைத் தூக்கிப் போட்டுப் பார்ப்பார்.

தான்தோன்றீஸ்வரர் கோயில் வாசலில் சற்று நின்று, பிறகு வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள் இறங்குவோம். வாய்க்கால் ஓரத்து வரம்பில் போகும்போது சைக்கிளின் வேகம் வெள்ளாமையின் பருவத்தைப் பொறுத்தது. கதிர் தலைசாய்ந்திருந்தால் தானாகவே மெதுவாகிவிடும். காவல் வாடியில் இருப்பவர் எங்கே போகிறீர்கள் என்று கேட்பார். சும்மா என்போம். சும்மாவா என்று சந்தேகத்தோடு பார்ப்பார்; பிறகு மோர் தருவார். அம்பிளாந்துறைக்குப் போகுமுன் ஒரு வீட்டில் எருமைத் தயிர்ச் சட்டி வாங்கி, கரியரில் கட்டி, குலுங்காமல் கொண்டுவருவது ஒரு கலை. சில்லில் காற்றைச் சற்றுக் குறைத்துக்கொள்ள வேண்டும். மணற்பாதையில் சில்லு புதையாமலும் இருக்கும், சட்டியும் தப்பும். இந்த நுட்பத்தை நானா தபால் திணைக்களத்தில் கற்றாராம்.

அம்பிளாந்துறையில் பாதை ஏறிக் குருக்கள்மடத்தில் இறங்குவோம். இதற்கும் தெற்கே குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையிலும் பாதை ஓடுகிறது. இந்தத் துறைகளுக்குப் பாலம் வேண்டும் என்பது அங்குள்ள மக்களின் நெடுநாள் கோரிக்கை. என்னை அதற்கு எதிரானவன் என்று நினைத்துவிடாதீர்கள். இரவில் வலி கண்ட கர்ப்பிணியை வைத்துக்கொண்டு பாதைக்குக் காத்திருந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். சைக்கிள்காரனின் ரசனைக்காக அவர்கள் காத்திருக்கத் தேவையில்லை. பாலம் வரட்டும். வந்த மறுநாள் பாதையைக் கரையேற்றிப் பழைய இரும்புக்கு விற்றுவிடாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள். ஒரே ஒரு துறையிலாவது காலையும் மாலையும் ஓடட்டும். ஓடும்வரை அதில் உயிர்காப்பு அங்கியும் ஒழுங்கான கைப்பிடிக் கம்பியும் இருக்கட்டும். 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் படகுப் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்ததை இந்த மாகாணத்தில் யாரும் மறந்திருக்கமாட்டார்கள்.

இனி விடயத்துக்கு வருகிறேன். குருக்கள்மடத்திலிருந்து வடக்கே கிரான்குளம், புதுக்குடியிருப்பு, தாளங்குடா, ஆரையம்பதி என்று வாவியை ஒட்டியே வீடு திரும்பலாம். திரும்பலாம் என்று எழுதிவிட்டேன். திரும்ப முடிந்தது என்று எழுதியிருக்கவேண்டும். அந்த ஆற்றங்கரைப் பாதையை யாரும் திட்டமிட்டுப் போடவில்லை. தோணி கட்டப் போனவர்கள், வலை காயப் போட்டவர்கள், அத்தாங்கு வலையோடு இறால் தேடிய பெண்கள், மாடு மேய்த்த பையன்கள், சடங்கு நாளில் கோயிலுக்கு நடந்தவர்கள் ஆகியோரின் கால்கள் போட்ட பாதை அது. அதனால்தான் எந்தப் பட்டியலிலும் இல்லை. இன்று அது துண்டு துண்டாகக் கிடக்கிறது. ஓரிடத்தில் வேலி. ஓரிடத்தில் கட்டட இடிபாட்டைக் கொட்டி ஆற்றை நிரப்பி எடுத்த புதுக் காணி. ஓரிடத்தில் மூடியில்லாத வடிகான், கடக்க ஒரு பலகை கூட இல்லை. இன்னோரிடத்தில் கோழிக் கழிவும் சொப்பிங் பையும் மலையாகக் கிடக்க, மூக்கைப் பொத்திக்கொண்டு ஒற்றைக் கையால் சைக்கிள் உருட்டவேண்டியிருக்கிறது. அந்தக் குப்பையைக் கொட்டியவர்கள் எங்கோ வானத்திலிருந்து வந்தவர்கள் அல்ல. நாங்கள்தான்.

அறுந்த இடங்களையெல்லாம் நானா பழைய நாட்காட்டித் தாள் ஒன்றின் பின்புறத்தில் சிவப்புப் பேனையால் குறித்து வைத்திருக்கிறார். அறுபடாத இடங்கள் நீலம். எந்த வீட்டுப் பின்வேலிக்கு அப்பால் பாதை எவ்வளவு அகலம், எந்த மாதத்தில் எது தண்ணீருக்குள் போகும், எந்தக் கிணற்றுத் தண்ணீர் குடிக்கலாம் என்பதும் அதில் இருக்கிறது. இந்தப் பாதைகளுக்கு இருக்கும் ஒரே வரைபடம் அதுதான் என்று நினைக்கிறேன். போட்டவருக்கு வயது எழுபதை நெருங்குகிறது என்பதையும் கவனியுங்கள்.

உல்லாசமாகச் சுற்றும் இரண்டு கிழவர்களுக்காக ஒரு சபை மினக்கெட வேண்டுமா என்று உங்களில் யாராவது கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் பாதையில் நாங்கள் மட்டுமா போகிறோம்? கிழமை நாட்களில் போய்ப் பாருங்கள். மாலை வகுப்புக்குப் போகும் பெண்பிள்ளைகள் இருவர் இருவராக அதில்தான் போகிறார்கள். பிரதான வீதிக்கு ஏற அவர்களைப் பெற்றோர் விடுவதில்லை. 2022ஐ நினைத்துப் பாருங்கள். பெற்றோலுக்கு இரவிரவாக வரிசையில் நின்று களைத்தவர்கள் கோழிக்கூட்டுக்கு மேல் கிடந்த சைக்கிளை இறக்கித் துரு துடைத்தார்கள். புதுச் சைக்கிள் விலை கேட்டவர்கள் கேட்டபடியே திரும்பினார்கள். ஒட்டுப்போடும் கடைக்காரருக்கு மத்தியானச் சோறு தின்ன நேரமில்லை. அந்த சில மாதங்கள் ஆற்றங்கரைப் பாதையில் மணி அடித்து வழி கேட்கவேண்டியிருந்தது. எரிபொருள் வந்ததும் எல்லாம் மறந்துபோயிற்று, பாதை உட்பட.

சட்டம் பேசாமல் இல்லை. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம் கடலோடு வாய் திறக்கும் வாவிகளையும் கணக்கில் எடுக்கிறது. கரையோர வலயத்தில் அனுமதியில்லாமல் கட்டுமானம் கூடாது என்கிறது. ஆனால் சட்டம் வேலியைப் பார்க்கும். வேலிக்கு முன்னால் அங்கே ஆள் நடந்தார்களா என்று கேட்டால் உங்கள் பதிவேடுதான் பதில் சொல்லவேண்டும். பதிவேட்டில் ஒரு வரி இருந்திருந்தால் அந்த இளைஞர் என்னிடம் இல்லை என்று சொல்லியிருக்கமாட்டார். வேலி போட்டவரும் அந்தத் தூணை நான்கு முழம் உள்ளே தள்ளி நட்டிருப்பார். இதற்கு வெளிநாட்டு நிதி தேவையில்லை. ஒரு தீர்மானம், ஒரு நில அளவையாளர், சில எல்லைக்கற்கள் போதும்.

இங்கே எனக்கு ஒரு பயமும் உண்டு. இந்த மடலை வாசித்துவிட்டு யாராவது உற்சாகமாகி, வாவிக்கரை அபிவிருத்தித் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கிவிடுவார்களோ என்ற பயம். அடிக்கல், பெயர்ப்பலகை, இன்டர்லொக் கல், இருபது அடிக்கொரு மின்கம்பம், ஊர்ப் பெயரை ஆளுயர எழுத்தில் நட்டு அதன் முன்னால் படம் எடுத்துக்கொள்ள ஒரு மேடை. தயவுசெய்து வேண்டாம். மாரியில் வாவி நிரம்பி, கடல்வாயின் மணலை வெட்டி முகத்துவாரம் திறக்கிற நாட்களில் கரையின் தாழ்ந்த துண்டுகளெல்லாம் நீருக்குள் போய்விடும். கல் பதித்தால் ஒரு மாரிக்குள் பெயர்ந்து பல்லிளிக்கும். மண்பாதை நனையும், காயும், தை பிறந்ததும் இரண்டு உழவு இயந்திரப் பெட்டி கிரவல் போட்டால் மறுபடி பாதையாகிவிடும். ஆறடி அகலம் தாராளம். அதற்குமேல் அகட்டினால் மோட்டார் சைக்கிளும் முச்சக்கரவண்டியும் வந்துவிடும், பிறகு அதுவும் ஒரு பிரதான வீதிதான்.

ஆறு தெரியவேண்டும் என்று கரையோரச் சதுப்பில் நிற்கும் கண்ணா மரங்களை வெட்டிவிடாதீர்கள். இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் ஒதுங்கி வளர்வது அவற்றின் வேர்களுக்கிடையே. வெட்டப் போகிறவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை: கூடவே தில்லை மரமும் நிற்கும், அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. நிழல்தான் குறையென்றால் மருதும் பூவரசும் நடுங்கள். ஆடி மாதக் கச்சான் காற்றில், காலை பத்து மணிக்குமேல், நிழலில்லாத பாதையில் உழக்கிப் பார்த்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கமாட்டார்கள். தோணி கட்டும் இடங்களை மட்டும் தொடவேண்டாம். அங்கே சைக்கிள்காரர்தான் இறங்கி உருட்டிக்கொண்டு போகவேண்டும். வலை காயப் போட்டிருந்தால் சுற்றிப் போகவேண்டும். அது அவர்களுடைய இடம்.

உன்னிச்சைப் பக்கமும் குடும்பிமலைப் பக்கமும் இப்படிப் பாதை போடலாமே என்று நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள். அழகான இடங்கள்தான். ஆனால் பொழுது சாய்ந்தபின் அங்கே வழி யானைக்குரியது. அங்குள்ள விவசாயிகளே பயந்து பயந்து போகிறார்கள். முதலில் அவர்கள் நிம்மதியாகத் தூங்க வழி செய்யுங்கள்.

எங்கள் கோரிக்கை மிகச் சிறியது. முதலில் குருக்கள்மடம் தொடக்கம் ஆரையம்பதி வரையான துண்டை மட்டும் நடந்து பாருங்கள், அளந்து எழுதிக்கொள்ளுங்கள், பட்டியலில் சேருங்கள். நானாவின் நாட்காட்டித் தாளை நிழற்பிரதி எடுத்து ஒவ்வொரு சபைக்கும் கொடுக்க ஆயத்தமாக இருக்கிறோம். மூலப்பிரதியைத் தரமாட்டாராம். முன்பு ஒருமுறை ஒரு கந்தோரில் கொடுத்த கடிதம் தொலைந்துவிட்டதாம். தபால்காரருக்கே இப்படி நடந்ததை அவர் இன்னும் மன்னிக்கவில்லை.

உங்களில் யாராவது நேரில் பார்க்க விரும்பினால், எந்த ஞாயிற்றுக்கிழமையும் காலை 5.30க்குக் கல்லடிப் பழைய பாலத்துக்கு வாருங்கள். வாகனத்தில் வந்தாலும் பாலத்தடியில் விட்டுவிட்டு வரவேண்டும். சைக்கிள் இல்லாதவர்களுக்கு என் மகனுடையது இருக்கிறது. சீற் சற்று உயரம், பிறேக் நல்லது. பிட்டுப் பொதி ஒன்று கூடுதலாகக் கட்டச் சொல்கிறேன். எத்தனை பேர் என்று முதல்நாள் இரவுக்குள் அறிவித்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
கல்லடியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும்
காத்தான்குடியிலிருந்து ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரும்